அண்ணியை எடுத்த ரோல்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவில் முட்டை வைப்பதற்கென்று குழி குழியாக ஒரு தட்டு உண்டு. அதில் முட்டை இருந்து நான் பார்த்ததே கிடையாது. குழிக்கு ஒன்றாகக் கறுப்பு ஃபிலிம் டப்பாக்கள்தான் உட்கார்ந்திருக்கும். முட்டைகள் கீழே காய்கறியோடு கிடக்கும். வாரத்துக்கு ஒன்றாவது உடைந்து தக்காளி மேல் வழியும். அதைத் துடைப்பது யார்? நான்தான். வேறு யாருக்கு அந்த வீட்டில் கண் இருந்தது?

"முட்டை உடைஞ்சா வேற முட்டை வாங்கிக்கலாம். இந்த ரோல் போச்சுன்னா போனதுதான். கம்பெனிக்காரன் இப்போ இதைப் பண்றதே இல்ல" என்பான் என் அண்ணன்.

"பண்றத நிறுத்தினவன் புத்திசாலி" என்பேன்.

"உனக்கென்ன தெரியும்? போய்த் தைக்கிற வேலையப் பாரு."

நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறவள். முன்னறையில் என் தையல் மெஷின், நடு அறையில் அண்ணன் குடும்பம், பின்னால் அடுப்படி. அவ்வளவுதான் வீடு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டு என் வாயைக் கிளறாதீர்கள். இது என் கதை இல்லை, அண்ணன் கதை.

தெருவில் அவனுக்கு 'அசையாதே' என்று பெயர். ஸ்டுடியோவில் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு நாள் முழுவதும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? தெருப் பிள்ளைகள் அவன் முதுகுக்குப் பின்னால் "அசையாதே!" என்று கத்துவார்கள். உடனே இவன் தூக்கின காலைத் தூக்கினபடி சிலையாக நிற்பான். பிள்ளைகள் சிரித்து முடித்து ஓடிய பிறகுதான் கால் கீழே வரும். ஒருநாள் கையில் பால் பாத்திரத்தோடு அப்படி நின்றான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவன் வேலை பார்த்த ஸ்டுடியோ முதலாளி எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனிதர். புது ஃபிலிம் வாங்க அவருக்கு மனசு வராது. எங்காவது கடையைக் காலி செய்கிறார்கள் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். பெட்டியில் அச்சடித்த தேதி எப்போதோ முடிந்துபோன ரோல்களை மூட்டையாக அள்ளிக்கொண்டு வந்து அண்ணன் மேஜை மேல் கொட்டுவார். மற்ற போட்டோகிராபர்கள் தொடவே பயந்த சரக்கு அது. எடுத்தால் படம் சாம்பல் பூத்த மாதிரி வரும், நிறம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அண்ணன் மட்டும் அந்தக் கிழட்டு ரோல்களோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டான்.

"வயசானா நமக்குக் கண்ணு மங்குதில்ல? லைட்டைப் போடுங்கறோமில்ல? ஃபிலிமும் அப்படித்தான். கொஞ்சம் வெளிச்சத்தக் கூட்டிக் கொடுத்தா அழகா பார்க்கும். ஆனா குளிர்ச்சியா வச்சுக்கணும். சூடுதான் அதுக்கு விஷம்" என்பான்.

அதனால்தான் ஃப்ரிட்ஜ். ஒவ்வொரு கட்டு வந்ததும் அதில் ஒரு ரோலைச் சோதனைக்கு எடுத்துப் பார்ப்பான். மற்றதையெல்லாம் குளிரில் வைத்துவிடுவான். அந்த ரோல்களில் முகங்கள் இளஞ்சிவப்பாக, மெத்தென்று விழும். சுருக்கம், தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாம் பாதி மறைந்துவிடும். படத்தை வாங்கிப் பார்த்த ஒரு அம்மாள், "எங்க மாமியாரை ஏன் இவ்வளவு அழகா எடுத்தீங்க? உங்கள யாரு கேட்டா?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். மற்றபடி எல்லோருக்கும் சந்தோஷம்.

அண்ணிக்கும் அவனுக்கும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. ஊரார் கல்யாணத்தையெல்லாம் எடுத்தவன், தன் கல்யாணத்தை மட்டும் இன்னொருத்தன் எடுப்பதா என்று வீம்பு. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, டைமரைத் தட்டிவிட்டு, பெண் பக்கத்தில் நிற்க ஓடி வந்தான். தரை விரிப்பு தடுக்கியது. குப்புற விழப்போனவனைப் பார்க்க அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த நேரம் பார்த்துக் கேமரா 'க்ளிக்'. கல்யாணப் படம் என்று வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். அதில் அண்ணியின் காதும் பின்னலும் நன்றாக விழுந்திருக்கின்றன.

அதற்குப் பிறகு அண்ணி படத்துக்குள் வரவே இல்லை. வெளி வேலைக்குப் போகும்போதெல்லாம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைத் தூக்கிக்கொண்டு கூடப் போவாள். வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிடுவது அவள் வேலை. அவர்கள் மகள் குட்டி பிறந்த பிறகும் அதே கதைதான். குட்டி தவழ்வது, குட்டி நிற்பது, குட்டி பல் காட்டுவது என்று அலமாரி நிறையப் படங்கள். எல்லாவற்றிலும் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு படத்தின் எல்லைக்கு வெளியே அண்ணி நிற்கிறாள். சிலவற்றில் ஓரத்தில் அவள் விரல் மட்டும் தெரியும்.

"நீங்களும் ஒண்ணுல நில்லுங்களேன் அண்ணி" என்று நான் சொல்லாமல் இல்லை.

"நான் நின்னா அட்டைய யாரு பிடிப்பா, நீயா? உனக்கு ரெண்டு நிமிஷம் வாய் மூடி நிக்க வருமா?" என்பாள். எங்கள் வீட்டில் என் வாய்க்கு ஈடு கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.

பிறகு ஸ்டுடியோவில் ஃபிலிமே வேண்டாம் என்றாகிவிட்டது. கம்ப்யூட்டரில் படம் எடுக்கும் புது கேமரா வந்தது, அதை இயக்க வேறு ஆள் வந்தான். முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு, மிச்சமிருந்த பழைய ரோல்களைக் கையில் கொடுத்து, "நீயே வச்சுக்கப்பா" என்று அனுப்பிவிட்டார். அவனுக்கு ஓர் அலுவலகத்தில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் வேலை கிடைத்தது. மேஜையில் பொருத்திய குட்டிக் கேமரா. வருகிறவர் உட்கார வேண்டும், இவன் ஒரு பட்டனைத் தட்ட வேண்டும், அடுத்தவர். அங்கே 'அசையாதே' என்று சொல்லக்கூட நேரம் கிடையாது. வேலையிலிருந்து வந்தால் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிடுவான். தண்ணீர் வேண்டுமென்றாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்பான். ஃப்ரிட்ஜில் இருந்த ரோல்கள் மட்டும்தான் அவனுடைய பழைய வாழ்க்கையில் மிச்சம். விடுமுறை நாளில் ஒன்றை எடுத்துக் குட்டியைப் படம் பிடிப்பான். அன்றைக்கு மட்டும் ஆள் பழையபடி இருப்பான்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பிறகு ஈரலுக்குப் பரவிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி மருந்தை மொத்தமாகக் கொடுத்து, குளிரில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எங்களுடையது இடுப்பு உயர ஃப்ரிட்ஜ். பாலும் காய்கறியும் வைத்தால் மூச்சு முட்டும்.

அடுத்து நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குக் கதை பிடிபடாது. அண்ணி ஒருநாள் ஃபிலிம் டப்பாக்களையெல்லாம் எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். முட்டைத் தட்டில் மருந்தை அடுக்கினாள். டின்னைக் குட்டிக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். ஏனென்றால் முன்னொரு நாள் குட்டி ஒரு ரோலை முழுசாக வெளியே இழுத்து, ரிப்பன் மாதிரி உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு ஆடியிருக்கிறாள். வீட்டில் எட்டாத இடம் என்று இருந்தது அடுப்புக்கு மேலே இருந்த பலகை ஒன்றுதான். அங்கே பின்னால் தள்ளி வைத்தாள். அண்ணனிடம் சொல்லவில்லை. வெயில் காலம் முழுக்க டின் அங்கேயே, அடுப்புச் சூட்டிலேயே இருந்தது.

அண்ணி படுத்ததிலிருந்து அண்ணன் கேமராவையும் தொடவில்லை, ஃப்ரிட்ஜ் பக்கமும் போகவில்லை. நான் முட்டைத் தட்டில் மருந்தைப் பார்த்தேன். ரோலையெல்லாம் அண்ணனே எங்காவது எடுத்து வைத்திருப்பான், விட்டது சனியன் என்று இருந்துவிட்டேன்.

வெயில் காலம் முடியும்போது டாக்டர் ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டார். இனிமேல் போட்டுப் பயன் இல்லை என்று அர்த்தம். மருந்து தீர்ந்த தட்டைத் துடைத்து, அண்ணி ரோல்களைப் பழையபடி குழிக்கு ஒன்றாக உட்கார வைத்தாள்.

அன்றோ மறுநாளோ, சாயங்காலம் அண்ணன் வந்து உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

"என்னங்க, என்னையும் குட்டியையும் சேர்த்து ஒரு படம் எடுங்க."

"உடம்பு தேறட்டும், எடுக்கலாம்."

"தேறாதுங்க. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அங்க மெஷினை நிறுத்திட்டு ஒட்டுக் கேக்கிறாளே, அவளுக்கும் தெரியும்." என்னைத்தான் சொன்னாள். "குட்டிக்கு இன்னும் அஞ்சு வயசு ஆகல. அஞ்சு வயசுக்கு முன்னாடி நடந்தது எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. உங்களுக்கு இருக்கா? அப்போ இவளுக்கு மட்டும் என் முகம் எப்படி ஞாபகம் இருக்கும்? பொறந்த வீட்டுலயும் என் படம்னு ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரி அட்டையில பாதி முகத்துல சீல் குத்தின படம் ஒண்ணுதான் இருக்கு. அதையா காட்டுவீங்க, உங்கம்மா இதுதான்னு?"

நான் எழுந்துபோய் அடுப்படிக் குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டுக்கொண்டேன். அழுதால் அண்ணிக்குப் பிடிக்காது.

மறுநாள் காலையில் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "இங்க பாரு, உன் வீம்பையெல்லாம் மூட்டை கட்டி வை. கடைக்குப் போய் ஒரு புது ரோல் வாங்கிட்டு வா. இது விளையாட்டு இல்ல."

"புதுசு வேண்டாம்."

"ஏன்? அந்தத் தேதி போன குப்பையிலதான் எடுப்பியா? உனக்கு மூளை கீளை இருக்கா?"

அவன் கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"அவ முகத்தைப் பார்த்தியா? மஞ்சளா கிடக்கு. கன்னம் ஒட்டிப் போச்சு. புது ரோல் உள்ளத உள்ளபடி காட்டிடும். அதுல நோய்தான் வரும், அவ வரமாட்டா. இந்தப் பழசு முகத்துல கொஞ்சம் ரோஸ் பூசும். நிழலையெல்லாம் மெத்துன்னு ஆக்கிடும். இந்தக் கட்டுல எத்தனை ரோல் எடுத்திருக்கேன், ஒண்ணு கூட என்னைக் கைவிட்டதில்ல. குட்டி பெரியவளாகிப் பார்க்கும்போது ஒரு நோயாளியப் பார்க்கக் கூடாது. அவ அம்மாவப் பார்க்கணும்."

அதற்கு மேல் நான் என்ன சண்டை போடுவது? வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் சொன்னது சரி என்று பட்டது. பாவி, அது சரியாகத்தான் இருந்தது.

படம் எடுக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம் மட்டும் அவனே எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தான். ஒரு ரோலை எடுத்து மேஜையில் வைத்தான். சில்லென்று இருப்பதை அப்படியே கேமராவில் போட்டால் உள்ளே வேர்த்துவிடுமாம், ஒரு ராத்திரி வெளியே இருந்து சமநிலைக்கு வர வேண்டுமாம். அவ்வளவு பக்குவம் பார்த்தான். அண்ணி கட்டிலில் படுத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் என் மெஷினை நகர்த்தி முன்னறை ஜன்னலோரம் நாற்காலி போட்டோம். அண்ணிக்குப் பிடித்த நீலப் பூப்போட்ட உடை இப்போது அவள் மேல் தொளதொளவென்று தொங்கியது. முதுகுப் பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்து ஊசி குத்தினேன். முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. தெர்மாகோல் அட்டையை நான் பிடித்தேன்.

"கை நடுங்குது பாரு" என்றாள் அண்ணி. "நான் எத்தனை வருஷம் பிடிச்சேன், ஒரு நாளாவது ஆடியிருக்கேனா?"

"நீங்க பேசாம இருங்க, வாய் கோணலா விழப்போகுது."

குட்டி மடியில் இருப்புக் கொள்ளாமல் நெளிந்தாள். அண்ணன் கேமராவுக்குப் பின்னால் போனவன் எதுவும் சொல்லாமலே எடுத்துக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, நிறைய. அண்ணி பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, உங்க மந்திரத்தச் சொல்லுங்க, அப்போதான் இவ அடங்குவா" என்றாள். அவன் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. உடனே அவளே குட்டியின் காதில், "அசையாதே!" என்றாள். குட்டி கண்ணை உருட்டி விழித்து, கன்னத்தை உப்பி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தாள். அதைப் பார்த்து அண்ணி சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. நோய்க்கு முந்தின சிரிப்பு. அதை அண்ணன் எடுத்தான். ரோல் அதோடு தீர்ந்தது.

அந்தச் சிரிப்பு எனக்குக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஆனால் என் கண்ணுக்குள் நின்று குட்டிக்கு என்ன பயன்?

மறுநாள் அண்ணன் கலர் லேபுக்குப் போனான். லேப்காரர் அவனுக்கு வெகு நாள் பழக்கம். கழுவி வந்த நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னய்யா, ரோல அடுப்புல வச்சு வறுத்தியா?" என்று கிண்டலடித்தாராம். அண்ணன் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு இது ஏதோ வேண்டியவர்களின் படம் என்று புரிந்திருக்கிறது. மெஷினில் என்னென்னவோ திருகிப் பார்த்தாராம். எல்லாப் படமும் அழுக்குச் சிவப்பில், பனி மூடின மாதிரி வந்தது. கடைசிப் படத்தில் மட்டும் ஒரு பெண் மடியில் ஒரு குழந்தை என்கிற அளவுக்கு உருவம் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளுப்பு. கண், மூக்கு, அந்தச் சிரிப்பு, ஒன்றும் இல்லை.

அவன் வீட்டுக்குள் நுழைந்ததுமே அண்ணி கேட்டாள். "எப்படி வந்திருக்கு?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றான். ஒரு நொடி யோசிக்கவில்லை. "நீ சிரிச்சது அப்படியே விழுந்திருக்கு."

"எங்க, காட்டுங்க."

"பெருசா போடக் கொடுத்திருக்கேன். வர கொஞ்ச நாளாகும்."

"பெருசாவா? எவ்வளவு பெருசு?"

அவன் கையை அகலமாக விரித்துக் காட்டினான். அண்ணிக்கு வெட்கம் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவள் வலி மாத்திரை கேட்காமல் தூங்கினாள்.

அவன் என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் லேப் கவரைப் பிரித்துக் காட்டினான். எனக்குக் கத்துவதற்குக்கூடத் தெம்பு வரவில்லை.

"பயப்படாத" என்றான். "நாளைக்கே புது ரோல் வாங்கிட்டு வந்துடறேன். ஏதாவது சாக்குச் சொல்லி மறுபடி உட்கார வச்சு எடுத்துடறேன். மஞ்சளா வந்தாலும் பரவாயில்ல. முகம்னு ஒண்ணு வரணும்."

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. விடிந்தபோது அண்ணிக்கு நினைவு தப்பியிருந்தது. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சில நாளில் நினைவு திரும்பியது, ஆனால் மூக்கில் குழாய், கையில் குழாய், உதடெல்லாம் வெடிப்பு. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை.

அண்ணன் பையில் கேமராவோடு வந்தான். உள்ளே புது ரோல். நர்ஸ் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தான். குட்டியைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தான்.

"எதுக்குங்க இது?" என்றாள் அண்ணி.

"ஒண்ணே ஒண்ணு. சும்மா."

"அதான் நல்லா வந்திருக்குன்னீங்களே. அப்புறம் எதுக்கு இந்தக் கோலத்துல?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "வேண்டாங்க. குட்டிக்கு அதையே காட்டுங்க. சிரிச்சுக்கிட்டு இருக்கிறத. இதைக் காட்டாதீங்க."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். சொல்லித் தொலையேன்டா, படம் வரவில்லை என்று சொல்லேன்டா என்று எனக்கு உள்ளே குமுறியது. எப்படிச் சொல்வான்? அவளுக்கு இருந்த ஒரே நிம்மதி அந்தப் படம். அதைப் பிடுங்கிக்கொண்டு முகத்தைக் கேட்க வேண்டும். அவன் கேமராவை மூடிப் பையில் வைத்தான்.

வெளியே வந்ததும் நான் விடவில்லை. "அவங்க தூங்கும்போது எடுத்துடு. தெரியவா போகுது?"

"கண்ணை மூடிக் கிடக்கிறதையா குட்டிக்குக் காட்டச் சொல்றே?" என்றான். "வேண்டாம்னு சொல்லிட்டா. விடு."

அன்று அவன் குட்டியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு, அண்ணி என் கையைப் பிடித்தாள். அப்போதுதான் பிஸ்கட் டின் விஷயத்தைச் சொன்னாள். ஊசி மருந்தை வைக்க ரோல்களை எடுத்தது, அடுப்புப் பலகையில் வைத்தது, எல்லாம்.

"ஏன் அண்ணி சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா ரோலையெல்லாம் தூக்கிக் குப்பையில போட்டிருப்பாரு, மருந்துக்கு இடம் பண்றேன்னு. அவருக்குன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதானே? அன்னிக்கு ஃபிலிமைக் கேமராவுல போடறப்போ எனக்குப் பக்குன்னு இருந்துச்சு. கெட்டுப் போயிருந்தா என்ன பண்றதுன்னு. நல்லவேளை, நல்லா வந்துடுச்சு."

"ஆமா அண்ணி" என்றேன். "ரொம்ப நல்லா வந்திருக்கு. நானும் பார்த்தேன்."

"நான் எப்படி இருக்கேன் அதுல?"

"மகாராணி மாதிரி."

"போடி, பொய் சொல்லாத" என்று சிரித்தாள். அந்த வாரமே போய்விட்டாள்.

அண்ணன் ரொம்ப நாள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தான். சாப்பிட உட்கார்ந்தால், "இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தக் கூட்டியிருக்கணும்" என்பான். சட்டை போடும்போது, "அன்னிக்கு ஒரு ரோல சோதிச்சுப் பார்த்திருக்கணும். எனக்குத் திமிரு" என்பான். அண்ணி சொன்னதை அவனிடம் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் வாயைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. ஒருநாள் அவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "அவ முகத்த அழிச்சது நான்தான்" என்றபோது தாங்கவில்லை.

"நீ ஒண்ணும் அழிக்கல. அடுப்பு மேல வேகவச்ச ரோல நீ என்ன செஞ்சிருந்தாலும் அது வந்திருக்காது" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கோபப்படுவான், அழுவான் என்று நினைத்தேன். அவன் தட்டில் இருந்த சோற்றை விரலால் ஒதுக்கினான்.

"படம் வரலன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நானும் நல்லா வந்திருக்குன்னுதான் சொன்னேன்."

"அது போதும்" என்றான். தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தான். அன்றிலிருந்து அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கேமராவையும் எடுக்கவில்லை.

அந்தக் கடைசிப் படத்தை மட்டும் கையை விரித்துக் காட்டின அளவுக்கே பெரிதாகப் போட்டுச் சுவரில் மாட்டினான். வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன, மழையில் நனைந்துவிட்டதா என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை.

குட்டி வளர்ந்தாள். நான்தான் குளிப்பாட்டினேன், தலை வாரினேன், பள்ளிக்கு அனுப்பினேன். அம்மாவைப் பற்றித் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். அம்மாவுக்கு நீலம் பிடிக்கும், அம்மா உன்னை இப்படித் தூக்குவாள், அம்மா இப்படிச் சிரிப்பாள் என்று. குட்டியும் பாடம் படிக்கிற மாதிரி திருப்பிச் சொல்வாள். முகமே இல்லாத அந்தச் சுவர்ப் படத்தைக் காட்டி, இதுதான் அம்மா என்று சொல்ல மட்டும் எங்களுக்கு மனசு வரவில்லை. ஆஸ்பத்திரி அட்டையை ஒருமுறை அலமாரியில் பார்த்துவிட்டு, "யாரு இது? பயமா இருக்கு" என்றாள். அண்ணன் அதைப் பிடுங்கி எங்கோ ஒளித்து வைத்துவிட்டான்.

போன வாரம் அவளுக்கு நான் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். குட்டி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, "அத்தை, இந்தப் படத்துல நீ எவ்வளவு ஆசையா என்னை மடியில வச்சிருக்கே!" என்றாள்.

அண்ணனின் கை செருப்பு வாரிலேயே நின்றுவிட்டது.

"நான் இல்லடி" என்றேன். "உங்கம்மாடி அது. நல்லாப் பாரு. உங்கம்மா."

குட்டி பாதிப் பின்னலோடு எழுந்து போனாள். படத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். தள்ளி வந்து பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவள் எவ்வளவு முயற்சி செய்தாள் என்று எனக்குத் தெரியும். பிறகு திரும்பி அவள் அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம்.

"ஆமா, அம்மாதான்" என்றாள் குட்டி. "எனக்கு நல்லா தெரியுது." எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் சொன்னாள், படத்தைப் பார்த்து இல்லை.